இப்போது வீட்டில் என்ன பாட்டு ஓடுகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப்பக்கம் ரேடியோவும் டேப்பும் பழுது பார்ப்பது என் தொழில். பெட்டியைக் கொண்டுவருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "இதில் என்ன கேட்பீர்கள்?" என்பதுதான். பழுது எங்கே என்பதில் பாதி அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். அந்தக் கேள்வி கடையைத் தாண்டிப் போய்விட்டது. தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கரையோரம் இருக்கும் பழக்கக்காரர்களும் உறவுக்காரர்களும் ஒருவருக்கொருவர் "இப்போது என்ன ஓடுகிறது?" என்று கேட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். கைப்பேசியில் சொல்கிறவர்கள் உண்டு; மீன் ஏலம் நடக்கும் இடத்தில் நின்றுகொண்டு சொல்கிறவர்களும் உண்டு. அதையொட்டி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிடித்த பாட்டைச் சொல்ல வேண்டுமா, ஓடுகிற பாட்டைச் சொல்ல வேண்டுமா?

ஓடுகிற பாட்டை. பிடித்த பாட்டு எது என்று கேட்டால் எல்லோரும் உள்ளே போய் நல்ல சட்டை மாட்டிக்கொண்டு வந்துதான் பதில் சொல்வார்கள். ஓடுகிற பாட்டைச் சொல்வதற்கு அந்த அலங்காரம் வேண்டாம். பாட்டின் முதலடி, பாடியவர், எதில் ஓடுகிறது, யார் போட்டது என்ற நான்கும் இருந்தால் போதும். "பழைய பாட்டு, சுசீலா அம்மா பாடியது, அடுப்படி ரேடியோவில், மாமியார் வைத்தது, மாற்ற எனக்கு அனுமதி இல்லை" என்று உச்சிப்புளியிலிருந்து ஒருவர் சொன்னார். இதைவிட நல்ல பதில் எனக்கு வந்ததில்லை. ஒரு வீட்டின் நிலவரம் முழுவதும் அதில் இருக்கிறது.

'எதில்' என்பதை விட்டுவிடாதீர்கள். அதே பாட்டு கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் ஓடுவதும் மரப்பெட்டி ரேடியோவில் ஓடுவதும் ஒன்றல்ல. கைப்பேசியில் மிருதங்கத்தின் இடப்பக்கம் அநேகமாகக் காணாமல் போய்விடும். கேட்கிறவர் அதை மனத்தில் கொண்டு கேட்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பாட்டு என் காதில் விழுகிறது. அதுவும் கணக்கில் வருமா?

வரும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும், கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் கூம்பு ஒலிபெருக்கி கட்டும் ரேடியோ செட்காரர்களும் இருக்கிற கரை இது. பாதிப் பாட்டுகள் நாம் போடாமலே நமக்கு மனப்பாடம் ஆனவை. "பக்கத்து வீட்டு உபயம்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் சினிமாப் பாட்டு மட்டும்தான் கேட்கிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கூச்சம் உங்களுடையது அல்ல; மேலிருந்து இறக்கி வைத்தது. 1952ஆம் ஆண்டு ஒன்றிய அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு இரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டார். மக்கள் இரசனை திருந்தவில்லை. ரேடியோவின் முள்தான் திரும்பியது. இந்தியா முழுவதும் இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி என்ற வானொலிச் சேவையைத் தொடங்கி அரசே சினிமாப் பாட்டுக்குத் திரும்பி வரவேண்டியதாயிற்று. ஓர் அரசாங்கமே ஐந்து ஆண்டுகளில் விட்டுக்கொடுத்த விஷயத்துக்கு நீங்கள் ஏன் தலைகுனிய வேண்டும்?

இலங்கை வானொலி இந்தக் கரையில் மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாகக் கேட்டது?

இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வராது.

முதலில் தூரம். இராமேசுவரத்திலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர். சென்னையோ 400 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் தூரம் மட்டும் காரணமல்ல. மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், பகலில் நிலத்தையும் நீரையும் ஒட்டித் தவழ்ந்து வரும். வறண்ட மணலும் பாறையும் அந்த அலையை வழியிலேயே தின்றுவிடும். உப்புநீர் அப்படியல்ல, உலர்ந்த நிலத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துவது. கொழும்பிலிருந்து நம் கரைக்கு வரும் வழி அநேகமாக முழுவதும் மன்னார் வளைகுடா. அலை அதிகம் தேயாமல் வந்து சேர்ந்துவிடும். பரமக்குடியில் கரகரக்கும் நிலையம் பாம்பனில் பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டதற்கு இதுதான் காரணம். இரவில் இன்னொரு வழியும் திறக்கும். வானத்தின் மேலடுக்கில் பட்டு அலை திரும்பி இறங்கும்; அப்போது உள்நாட்டு ஊர்களுக்கும் கேட்கும், ஆனால் ஏறி ஏறி இறங்கும்.

இரண்டாவது காரணம் பேசிய மனிதர்கள். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் தமிழுக்காகவே பெட்டியைத் திருப்பியவர்கள் ஏராளம். காலையில் 'பொங்கும் பூம்புனல்'. பிறகு வந்த 'பாட்டுக்குப் பாட்டு' இன்றைக்கும் பள்ளிச் சுற்றுலா பஸ்களில் நடக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே.

ஒரு சின்ன வேடிக்கை. 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை மாற்றிக்கொண்டது. 2006 ஏப்ரல் வரையிலான பெரும்பாலான காலம் அவர்கள் மணி நம்மைவிட அரைமணி முன்னால் ஓடியது. ரேடியோவில் மணி சொன்னதும் சுவர்க்கடிகாரத்தைத் திருத்துகிற பழக்கமுள்ளவர்கள் பஸ் நிறுத்தத்தில் அரைமணி முன்னதாகவே வந்து நின்றார்கள்.

இப்போதும் அந்தக் கரை நிலையங்கள் கிடைக்குமா?

பண்பலையில், அதாவது எப்.எம்.மில், கிடைக்கும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 30 கிலோமீட்டர்தான். பண்பலை பொதுவாகப் பார்வைக்கோட்டில் செல்வது. மலையிலும் உயர்ந்த கோபுரத்திலும் நிறுத்திய நிலையம் கடலைத் தாண்டி வந்துவிடும். சூரியன், சக்தி, தென்றல் என்று இலங்கைத் தமிழ்ப் பண்பலைகளை நம் இராமேசுவரம் தீவில் கேட்கிறவர்கள் நிறைய. காற்று அடங்கிய மாலைகளில் கடலின் ஈரக்காற்றின் மேல் தரையிலிருந்து வரும் சூடான காற்று படிந்துகொள்ளும். அந்த இரண்டுக்கும் நடுவில் அலை சிக்கி நெடுந்தூரம் ஓடும். அன்றைக்கு எங்கோ இருக்கும் சிங்கள நிலையம்கூட உள்ளூர் நிலையத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பெட்டி கெட்டுவிட்டது என்று மறுநாள் காலையில் என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வெயில் ஏறியதும் தானே சரியாகும்.

மத்திய அலை கேட்க வேண்டுமானால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே நீளவாட்டில், மத்திய அலையைப் பிடிக்கும் பெரைட் கம்பி ஒன்று படுத்திருக்கும். நிலையம் இருக்கும் திசையைப் பெட்டியின் முகமோ முதுகோ பார்க்க வேண்டும்; பெட்டியின் விலாப்பக்கம் பார்த்தால் ஒலி செத்துவிடும். மேலே நீட்டும் குச்சி ஏரியலுக்கும் மத்திய அலைக்கும் சம்பந்தமே இல்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. இழுத்து இழுத்து உடைத்துக்கொண்டு வருகிறார்கள்.

ரேடியோவில் "கொர்" என்று ஒரே இரைச்சல். பெட்டிக் கோளாறா?

மத்திய அலையில் மட்டும் என்றால் அநேகமாக உங்கள் எல்.இ.டி. பல்பும் கைப்பேசி சார்ஜரும்தான் குற்றவாளிகள். மலிவான சார்ஜர்களுக்குள் மின்சாரத்தை வேகவேகமாக வெட்டி ஒட்டும் சுற்று இருக்கிறது. அது தானே ஒரு குட்டி வானொலி நிலையமாக இயங்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் பேட்டரியில் ரேடியோ வைத்துக் கேளுங்கள். தூத்துக்குடி நிலையத்தை 1053 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று அன்றைக்குத் தெரியும்.

உள்ளூர் வானொலி கேட்பதைச் சொல்லலாமா? அதில் பாட்டு குறைவு, கடல் செய்திதான் அதிகம்.

தாராளமாக. பாம்பனிலிருந்து 90.4இல் வரும் 'கடல் ஓசை' மீனவர்களுக்கென்றே நடக்கும் சமூக வானொலி. காற்று, அலை நிலவரம், மீன்வளம் பற்றிய பேச்சு, நடுவில் பாட்டு. சமூக வானொலிக்கு நம் நாட்டில் குறைந்த திறனே அனுமதி; பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இராமநாதபுரத்தில் இருந்துகொண்டு கிடைக்கவில்லை என்று குறைபடுகிறவர்களுக்கு இதுதான் விளக்கம்.

கர்நாடக இசை கேட்பவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்களா?

கேட்கிற தொனியே தவறு. அரியக்குடி இராமானுஜ ஐயங்காரின் குரு பூச்சி சீனிவாச ஐயங்கார். அவர் பாஸ்கர சேதுபதி காலத்து இராமநாதபுரம் சமஸ்தான வித்வான். இன்றைக்குச் சபாக்களில் நடக்கும் கச்சேரியின் ஒழுங்கை அமைத்தவர் அரியக்குடி என்பார்கள். அப்படியென்றால் அந்த ஒழுங்குக்கு முந்திய படி ஒன்று நம் ஊர் அரண்மனைக்குள் இருக்கிறது. மிருதங்கத்தில் சி.எஸ். முருகபூபதியைச் சொன்னாலே இராமநாதபுரம் என்றுதான் சொல்வார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இராம்நாட் கிருஷ்ணன். 1918இல் பிறந்து 1973இல் மறைந்தவர். சத்தம் போடாத குரல். 1960களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் அங்கே வெளியான இசைத்தட்டுகள் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. இரவு ஒன்பது மணிக்குமேல், மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்துவிட்டுக் கேளுங்கள். இராகம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. "ஏதோ மெதுவான பாட்டு, இராம்நாட் கிருஷ்ணன், தூக்கம் வந்துவிட்டது" என்று சொன்னாலும் நான் ஏற்றுக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் பக்திப் பாட்டுதான். வேறு மதத்தவரிடம் அதைச் சொல்வது சரியா?

இந்தக் கரையில் யாரும் யாருடைய பாட்டையும் கேட்காமல் வளர்ந்ததில்லை. விடிகாலைத் தொழுகை அழைப்பும், கோயில் கூம்பு ஒலிபெருக்கியும், வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவின் பாட்டும் ஒரே காற்றில் வருகின்றன. 'இசை முரசு' நாகூர் ஹனிபா 1925இல் பிறந்தது இராமநாதபுரத்தில். பெயரோடு நாகூர் ஒட்டிக்கொண்டதால் நம் ஊர்க்காரர்களே பலர் மறந்துவிட்டார்கள். எல்லா மதத்து வீட்டுக் கேசட்டுப் பெட்டிகளிலும் அவர் குரலை நான் பார்த்திருக்கிறேன். பழுது பார்க்க வரும் டேப்புகளுக்குள் சிக்கிக் கிடப்பதும் அடிக்கடி அவர்தான்.

இன்னும் பின்னால் போனால், தாயுமானவர் சமாதி இராமநாதபுரம் இலட்சுமிபுரத்தில் இருக்கிறது. குணங்குடி மஸ்தான் சாகிபு பிறந்த குணங்குடி தொண்டிக்குப் பக்கம். இருவரும் பராபரத்தை விளித்துக் கண்ணி பாடியவர்கள். ஒருவரைப் போட்டுவிட்டு அடுத்து மற்றவரைப் போட்டுப் பாருங்கள். பாடகர் நல்லவராக இருந்தால், எது யாருடையது என்பதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கீழக்கரையில் ஒரு லாத்தா (அக்கா) வெள்ளிக்கிழமை மாலைகளில் இரண்டையும் கேட்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தடைக்காலத்தில் வீட்டில் பாட்டுச் சண்டை தாங்கவில்லை. என்ன செய்வது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. வாரத்தில் பல நாட்கள் வீட்டில் இல்லாத ஆண்கள் அத்தனை பேரும் அந்த நாட்களில் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதுவரை ரேடியோவை ஆண்ட பெண்கள் ஆட்சியை இழக்கிறார்கள். சண்டை வராமல் என்ன செய்யும்?

படகில் பென் டிரைவ் போட்டுக் கேட்டுப் பழகியவர்கள் டீசல் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி வைத்தே பழகியவர்கள். அதே அளவில் வீட்டில் வைத்தால் அடுப்படியில் இருப்பவருக்குக் கோபம் வராமல் இருக்காது. என் கட்சி பெண்கள் கட்சி. பகலில் அடுப்படி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் ரேடியோ. மாலை விளக்கு வைத்தபின் மற்றவர். வலை பின்னுகிறவர்கள் வெளியே தோப்பில் தங்கள் பெட்டியை வைத்துக்கொள்ளட்டும். தடைக்காலத்தில் மட்டும், "யார் போட்டது" என்ற பகுதியைச் சொல்லாமல் விட்டுவிட எல்லோருக்கும் சலுகை உண்டு.

தாத்தா அம்பா பாடுகிறார். அது 'இசை கேட்பது' ஆகுமா? பதிவு செய்வது எப்படி?

ஆகும். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களையும்விட இதைத்தான் கவனமாகப் படிக்கச் சொல்வேன்.

கரைவலை இழுக்கும்போதும் துடுப்புப் போடும்போதும் பாடும் வேலைப்பாட்டுதான் அம்பா. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் "ஏலேலோ", "ஐலசா" என்று வாங்குவார்கள். இழுக்கும் கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும் என்பதற்காக உண்டான தாளம் அது. எஞ்சின் வந்ததும் துடுப்புப் போடும் பாட்டுக்கு வேலை போயிற்று. கரைவலை இன்னும் சில இடங்களில் உண்டு, அங்கே கேட்கலாம். சினிமாப் பாட்டு எங்கேயும் ஓடிப்போகாது. உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்த அடிகள் வேறு எந்தத் தட்டிலும் இல்லை.

பதிவுக்குக் கைப்பேசி போதும். முதல் எதிரி கடல்காற்று. ஒலிவாங்கித் துளையில் அடித்தால் எல்லாம் புஸ்ஸென்று போய்விடும். வீட்டுக்குள் வாருங்கள். இரண்டாவது எதிரி மின்விசிறி. பத்து நிமிடம் நிறுத்துங்கள், தாத்தா பொறுத்துக்கொள்வார். துணி மடித்து வைத்திருக்கும் அலமாரிப் பக்கம், பாய் விரித்த தரையில் உட்கார வைத்தால் எதிரொலி அடங்கும். கைப்பேசியை விமான நிலையில் (ஏரோபிளேன் மோடில்) போடுங்கள். நடுவில் அழைப்பு வராது. கைப்பேசி வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு பக்கமாக இருக்கட்டும். தொடக்கத்தில் அவர் பெயர், ஊர், தேதி, எந்த வேலைக்கு எந்தப் பாட்டு என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். கோப்பின் பெயரில் எழுதி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கோப்பின் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடுவார்கள், குரலோடு சேர்ந்தது பிரியாது.

உட்கார்ந்து பாடினால் சிலருக்கு அடி மறந்துபோகும். கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். இழுக்கத் தொடங்கினால் பாட்டு வரும். வெளியே யாருக்காவது அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வலை இழுக்கும் இடத்தில் மட்டுமே பாடத்தக்க கேலி அடிகளும் அதில் உண்டு.

பழைய கேசட்டுகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

போடாதீர்கள். அது பூஞ்சை. ஓட்டினால் ஹெட்டில் (டேப்பில் நாடா உரசிச் செல்லும் முனையில்) ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போய்விடும். வெயில் நேரடியாகப் படாத, காற்றோட்டமான இடத்தில் சில நாள் உலரவிட்டு, பென்சிலைச் சுழற்சிக் கண்ணில் மாட்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டே, மென்மையான உலர் துணியால் நாடாவைத் துடைத்து எடுக்க வேண்டும். சலிப்பான வேலைதான். இது தேவையில்லாத பாட்டு என்றால் விட்டுவிடுங்கள். கடையில் விற்ற சினிமாக் கேசட்டுக்காக ஒரு நாளை வீணாக்க வேண்டாம், அந்தப் பாட்டு எங்கும் கிடைக்கும். ஆனால் வீட்டார் குரல் பதிந்த கேசட் என்றால் ஒரு நாள் செலவழிக்கலாம்.

90 நிமிடக் கேசட்டில் நாடா 60 நிமிடக் கேசட்டைவிட மெல்லியது. சீக்கிரம் இழுபடும், சிக்கும். ஆகவே அவற்றை முதலில் பிரதி எடுங்கள். டேப்பின் வெளியீட்டுத் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி போதும். டேப்புக்கு முன்னால் கைப்பேசியை வைத்துப் பதிவதைத் தவிருங்கள். ஓட்டுவதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஆம், போட்டவர்கள் இருக்கிறார்கள்.

உப்புக்காற்றில் பெட்டி எத்தனை நாள் தாங்கும்?

கடலைப் பார்த்த சன்னலில் வைத்தால் அதிக நாள் தாங்காது. பேட்டரி முனைகளில் பச்சை படியும், சுவிட்சு கரகரக்கும். உள்ளறையில், துணி மூடி வையுங்கள். மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். பயன்படுத்தாத பெட்டியில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். மாதம் ஒருமுறையாவது பாடவிடுங்கள்.

துபாயில், சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வது?

நேரம் பார்த்துச் சொல்லுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். சவூதியும் கத்தாரும் இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். காலை எட்டு மணிக்கு உற்சாகமாக அனுப்பினால் சவூதியில் இருக்கும் காக்காவின் (அண்ணனின்) கைப்பேசி விடிகாலை ஐந்தரைக்கு அலறும்.

முன்பு கீழக்கரை, பெரியபட்டினம் வீடுகளில் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். ஒரு பக்கம் வாப்பாவும் உம்மாவும் பேசுவார்கள். மீதி இடத்தில் ரேடியோப் பாட்டைப் பதிந்துவிடுவார்கள், நாடா வீணாகக்கூடாதென்று. போய்ச் சேர்ந்த இடத்தில் அந்தப் பாட்டைத்தான் பலமுறை போட்டுக் கேட்டதாகச் சொன்னவர்கள் உண்டு. இப்போது அதற்குச் சமம் வாட்ஸ்அப் குரல் செய்தி. அது பேச்சுக்கென்று சுருக்கப்பட்டது. பாட்டு அதில் தகரம்போல் வரும். பாட்டு கேட்க வேண்டுமானால் இணைப்பை அனுப்புங்கள். வீட்டைக் கேட்க வேண்டுமானால் குரல் செய்தியையே அனுப்புங்கள்: ரேடியோ ஒரு மூலையில், மீன் கழுவும் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுவது. தூரத்தில் இருப்பவருக்குத் தரம் முக்கியமில்லை.

பாட்டுக் கோப்பையே அனுப்புவது சட்டப்படி சரியா?

இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள். ஆகவே தட்டு பழையது என்பதால் மட்டும் எல்லாம் பொதுச்சொத்து ஆகிவிடாது. நீங்கள் வாங்கிய கேசட்டைச் சொந்தமாகக் கேட்கப் பிரதி எடுத்துக்கொள்வது வேறு. நூறு பேருக்கு அனுப்புவது வேறு. முதலடியும் பாடியவர் பெயரும் சொன்னால் அவர்களே தேடிக்கொள்வார்கள். கல்யாண ஊர்வலத்திலும் சமயச் சடங்கிலும் பாட்டுப் போடுவதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது; ரேடியோ செட்காரர்கள் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது அடுத்த கேள்விக்கு.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. கைப்பேசியில் அளக்கும் செயலிகள் உத்தேசமாகக் காட்டும். காதில் மாட்டிக் கேட்பவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். எஞ்சின் அறையில் வேலை செய்கிறவர்களின் காது அந்தக் கணக்கை ஏற்கெனவே தாண்டியிருக்கும். அவர்கள் ஒலியை ஏற்றிக்கொண்டே போனால் திட்டாதீர்கள். காது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

துக்க வீட்டில் கேட்கலாமா?

கேட்கக்கூடாது. கடலுக்குப் போனவர் திரும்பாத நாட்களில் தெருவே ரேடியோவை அணைத்துவிடும். அது யாரும் சொல்லி நடப்பதல்ல. மறுபடியும் அந்த வீட்டில் பாட்டுக் கேட்கத் தொடங்கினால், கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் கடந்து போங்கள். அவர்களாகச் சொன்னால் சொல்லட்டும்.

பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். என்ன கேட்கிறார்கள் என்றே தெரிவதில்லை.

கேளுங்கள், சொல்வார்கள். "என்ன இரைச்சல் இது?" என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். ஒரு பக்கக் காதுக்குழலை வாங்கி ஒரு பாட்டு முழுவதும் கேட்டுவிட்டு, முதலடியை எனக்கு அனுப்புங்கள். என் மகள் கேட்பதில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. மீதிப் பாதியை அவளுக்குத் தெரியாமல் நான் கேட்கிறேன்.

ஒன்றுமே கேட்கவில்லை என்றால்?

"ஒன்றுமில்லை" என்று சொல்லுங்கள். அதுவும் பதில்தான். காரணம் சொல்ல வேண்டாம்.

பழுதான பெட்டியைக் கடைக்குக் கொண்டுவரலாமா?

கொண்டுவாருங்கள். டேப் பெல்ட் இருக்கிறது. வால்யூம் கன்ட்ரோல் பெரும்பாலான அளவுகளில் கிடைக்கும். ஆட்டோ ரிவர்ஸ் ஹெட் கிடைப்பதில்லை. வேறு செத்த பெட்டியிலிருந்து எடுத்தால்தான் உண்டு, அதற்குக் காத்திருக்க வேண்டும். வால்வு ரேடியோவைச் செருகிப் பார்த்துவிட்டுக் கொண்டுவராதீர்கள், செருகாமலே கொண்டுவாருங்கள். பல வருடம் சும்மா இருந்த கப்பாசிட்டர் முதல் மின்சாரத்திலேயே வெடிக்கும், பிறகு கூடவே மற்றதையும் மாற்ற வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் கேசட்டை எடுக்க வராவிட்டால் கத்தரியால் வெட்டாதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள்.